எண்களைக் கேள்வி கேட்கும் பணி

கல்விக் கடனின் தவணை எப்போது தொடங்கும் என்று கேட்டறிய வரும் பெற்றோர், விடைபெறும் முன் தயக்கத்துடன் இன்னொன்றையும் கேட்பதுண்டு: "சார், பெண்ணுக்கு மைசூருவில் பயிற்சி. அதன்பின் டேட்டா அனலிஸ்ட் வேலை என்கிறாள். அது கணக்கு வேலையா, கம்ப்யூட்டர் வேலையா?" இரண்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆயினும் அப்பதில் முழுமையானது அன்று. பிள்ளைகளின் வருங்காலமும் குடும்பத்தின் கடன் சுமையும் அடங்கிய கேள்வி என்பதால், சற்று விரிவாகவே காண்போம்.

மைசூருவின் பயிற்சிக்கூடம்

1981இல் 10,000 ரூபாய் முதலீட்டில் ஏழு பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம் இன்ஃபோசிஸ். அவர்களுள் முதன்மையானவரான நாராயண மூர்த்தி, மைசூருவின் தேசியப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். அதே நகரின் ஹெப்பாள் தொழிற்பகுதியில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அந்நிறுவனத்தின் பயிற்சி வளாகம் அமைந்துள்ளது. அதன் இரண்டாவது கல்வி மையம் 2009இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வேலைக்குத் தேர்வாகும் இளைஞர்கள் பலரும் இங்கேயே தங்கி, நிரல் எழுதவும் தரவுத்தளங்களைக் கையாளவும் கற்று, தேர்வுகளை எழுதுகின்றனர். பின்னர் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே எனப் பல நகரங்களுக்கும் பணியில் செல்கின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வணிகத் தரவுப் பகுப்பாய்வில் அமர்கின்றனர்.

நாள்தோறும் நடப்பது என்ன?

பகுப்பாய்வாளரின் பணி மேலாளரின் கேள்வியுடன் தொடங்குகிறது. 'விற்பனை ஏன் குறைந்தது?', 'எந்த வாடிக்கையாளர்கள் நம்மை விட்டு விலகுகின்றனர்?' என்பன போன்ற கேள்விகள் அவை. அதற்கு வேண்டிய தரவுகளை எஸ்.க்யூ.எல். என்னும் மொழியில் கட்டளை எழுதித் தரவுத்தளத்திலிருந்து எடுக்க வேண்டும். இருமுறை பதிவானவற்றை நீக்க வேண்டும். விடுபட்டவற்றைக் கண்டறிய வேண்டும். 04/05 என்பது மே மாதம் நான்காம் நாளா, ஏப்ரல் ஐந்தாம் நாளா என்று கேட்டுத் தெளிய வேண்டும். நேரத்தின் பெரும்பகுதி இத்தூய்மைப் பணியிலேயே கழியும். பிறகுதான் எக்செல், பவர் பி.ஐ. போன்றவற்றில் வரைபடம் உருவாகும்.

ஆனால் இப்பணியின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. அதை விளக்க வங்கித் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: 'ஒரு கிளையில் செயல்படாத கணக்குகள் எத்தனை?' என்று கேட்கப்படுவதாகக் கொள்வோம். வாடிக்கையாளரின் நடவடிக்கை எதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லாத சேமிப்புக் கணக்கோ நடப்புக் கணக்கோ செயல்படாத கணக்கு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புதிதாகப் பணியில் சேர்ந்த ஒருவர், 'கடைசிப் பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட கணக்குகள்' என்று கட்டளை எழுதுகிறார். விடை ஏறத்தாழப் பூஜ்யம் என்று வருகிறது. கணினி எந்தப் பிழையும் காட்டவில்லை. எனினும் விடை தவறு. சேமிப்புக் கணக்கில் வங்கி குறித்த காலத்தில் வட்டி வரவு வைத்துக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு பதிவுதான். அது வங்கியின் செயலே அன்றி வாடிக்கையாளரின் செயல் அன்று.

இத்தவற்றின் விளைவு காகிதத்தோடு நின்றுவிடாது. காலமான ஒருவரின் சேமிப்பு அக்கணக்குகளுள் ஒன்றில் இருக்கலாம். குடும்பத்தினருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். பட்டியலில் அக்கணக்கு இடம்பெற்றால்தான் வங்கி அவர்களைத் தேடும். பத்து ஆண்டுகள் கோரப்படாத தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குச் சென்றுவிடும். அதன் பின்னும் உரியவர் அதைக் கோரிப் பெறலாம். 2023இல் தொடங்கப்பட்ட 'உத்கம்' இணையதளத்தில் தேடவும் செய்யலாம். ஆயினும் ஒரு கட்டளையில் நேர்ந்த கவனக்குறைவு ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் காக்க வைத்துவிடக்கூடும்.

மரத்தடியில் ஒரு முன்னோடி

மைசூருவின் யாதவகிரியில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் 1952இல் வெளியிட்ட 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' நாவலின் நாயகர் மார்கய்யா. மால்குடியின் கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியுடன் அமர்ந்து, கிராமத்தாருக்குக் கடன் பெறும் வழிகளைச் சொல்லித் தருபவர். யாருக்கு என்ன கடன், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருடைய கணக்குப் புத்தகத்தில் இருந்தன. ஒருநாள் அவருடைய சிறு மகன் அப்புத்தகத்தைச் சாக்கடையில் எறிந்துவிட, மரத்தடித் தொழிலும் முடிவுக்கு வருகிறது.

இன்றைய தரவுகளுக்குப் பல நகல்கள் உண்டு. சாக்கடையைப் பற்றிய அச்சமில்லை. ஆனால் மார்கய்யாவிடம் இருந்த ஒன்று இன்றைய பகுப்பாய்வாளரிடம் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் உரிய முகத்தை அவர் நேரில் அறிந்திருந்தார். இன்று இலட்சக்கணக்கான வரிகளைத் திரையில் காண்பவர், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதர் இருப்பதைத் தாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெற்றோர் கவனத்திற்கு

இது பொறியியல் பட்டதாரிகளுக்கு மட்டும் உரிய துறை அன்று. வரவு எது, வருமானம் எது என்று பிரித்தறியக் கற்ற வணிகவியல் மாணவருக்கும், புள்ளியியல் மாணவருக்கும் இங்கு இடமுண்டு. பெருந்தொகை கட்டணம் கேட்கும் குறுகியகாலப் பயிற்சிகளுக்குக் கடன் வாங்கும் முன், கட்டணமின்றிக் கற்கும் வழிகளைப் பாருங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் 'என்.பி.டெல்.' பாடங்களை இணையத்தில் இலவசமாகக் காணலாம். பட்டமே வேண்டுவோர்க்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் இணையவழியில் தரவு அறிவியல் படிப்பை நடத்துகிறது, ஜே.இ.இ. தேர்வு எழுதாதவர்களும் தகுதித் தேர்வின் மூலம் சேரலாம். வேறெந்தப் பயிற்சியாயினும், நடத்தும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலில் கேளுங்கள்.

கட்டளை எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது நொடியில் செய்துவிடுகின்றன. 'இந்த எண் உண்மையில் எதை எண்ணுகிறது?' என்று கேட்கும் பொறுப்பு மனிதரிடமே இருக்கிறது. அப்பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கலாம். இம்மாதம் உங்கள் கணக்கு அறிக்கையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எந்தப் பதிவு நம்முடையது, எது வங்கியினுடையது என்று பிரிக்கச் சொல்லுங்கள். தரவுப் பகுப்பாய்வின் முதல் பாடம் அதுவே.