துப்பாக்கிக் கடைக்காரரின் இரண்டு கேள்விகள் ஓர் உயிரைக் காக்கலாம்

மலேசியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுமையான குற்றம். அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ, 21 வயது நிரம்பியவர் கடைக்குச் சென்று பாரத்தைப் பூர்த்தி செய்து, எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேறினால், அன்றே கைத்துப்பாக்கியுடன் வீடு திரும்பலாம்.

அந்தச் சோதனை பழைய பதிவுகளைத்தான் பார்க்கும். வாங்குபவரின் மனம் அன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது காட்டாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள்.

2009-ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூவர், ஒரு வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டனர். அதிர்ந்துபோன கடை உரிமையாளர், தற்கொலைத் தடுப்பு நிபுணர்களுடன் கைகோத்தார். கடைக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்ற வழிகாட்டி அப்படித்தான் உருவானது. பின்னர் அம்முயற்சி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

வழக்கமான வாடிக்கையாளர் நிறையக் கேட்பார். கையில் எடுத்துப் பார்ப்பார். எடையையும் விலையையும் ஒப்பிடுவார். பயிற்சி, பூட்டு, பாதுகாப்புப் பெட்டி பற்றி விசாரிப்பார். கவலைக்குரியவர் அப்படியல்ல. எந்தத் துப்பாக்கியானாலும் சரி என்பார். அதைப் பராமரிப்பது பற்றியோ சுடப் பழகுவது பற்றியோ அக்கறை காட்டமாட்டார். அவசரப்படுவார். பேச்சினிடையே மணமுறிவு, வேலை இழப்பு என்று ஏதாவது வெளிப்படலாம்.

இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதனால்தான் கடைக்காரர் பேச்சுக் கொடுக்கிறார்: “இதற்கு முன் சுட்டிருக்கிறீர்களா? எதற்காக வாங்குகிறீர்கள்?” சந்தேகம் தீரவில்லை என்றால் விற்க மறுக்கலாம். சட்டம் அதற்கு இடமளிக்கிறது.

வேறு கடைக்குப் போய்விடமாட்டாரா என்று கேட்கலாம். போகலாம். ஆனால் உயிரை விடும் எண்ணம் பலருக்கு உச்சத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் கடந்துவிட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. தற்கொலை முயற்சியிலிருந்து மீண்டவர்களில் 10 பேரில் சுமார் 9 பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று ஆய்வுகள் கூறுகின்றன.

நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை. ஆனால் களைக்கொல்லியும் மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றைப் பூட்டி வைப்பதும், வாடிய முகத்தைக் கண்டால் தயங்காமல் விசாரிப்பதும் அதே பாடம்தான். வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவை நீக்க 2023-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. உதவி கேட்க இனி அஞ்ச வேண்டியதில்லை.

மனவுளைச்சலில் இருப்பவர்கள் 24 மணி நேரமும் அழைக்கலாம்: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, தாலியான் காசே 15999, சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். 1767.