புகைபோக்கி இல்லாத கட்டடத்தின் புகைக் கணக்கு

மாலை மயங்கும் நேரத்தில் ஏற்காட்டில் லேடீஸ் சீட் முனையில் நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? சேலம் நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும். வானம் தெளிவாக உள்ள பகல் வேளையில் தொலைவில் மேட்டூர் அணையும் தென்படும். நகரத்தின் பெரிய கட்டடங்கள் பூமியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியிடுகின்றன என்று படிக்கிறோம். ஆனால் விளக்கெரியும் அந்தக் கட்டடங்களில் புகைபோக்கியையே காணோமே! அப்படியானால் வாயு எங்கிருந்து வருகிறது?

ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியிலிருந்து சாப்பாடு சமைத்துக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் புகை இல்லை; ஆனால் அந்த விருந்துக்காக வேறோர் இடத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது. மின்சாரமும் அப்படித்தான். மேட்டூரில் நிலக்கரியை எரிக்கும் அனல் மின்நிலையம் ஒன்று உண்டு. 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று, ஆக 1,440 மெகாவாட் அதன் திறன். நகரக் கட்டடத்தின் புகைபோக்கி இப்படிப்பட்ட இடங்களில் இருக்கிறது.

நிலக்கரியில் உள்ள கார்பன் எரிந்து கார்பன்-டை-ஆக்சைடு ஆகிறது. இந்த வாயு சூரிய ஒளியை உள்ளே விட்டுவிடும். சூடான தரை வெளியிடும் அகச்சிவப்புக் கதிரையோ உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடிக் குடிலைப் போலப் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதால் இதனைப் பசுமை இல்ல வாயு என்கிறோம். 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவிடத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இது இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

இனி ஒரு கட்டடத்தின் கணக்கைப் போடுவோம். 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறுகிறது. ஆகவே ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறுகிறது. ஆனால் மேட்டூர் அணையின் நீர்மின்சாரத்துக்கு எரிபொருளே தேவையில்லை. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் அப்படியே. பல கிணற்று நீரை ஒரே தொட்டியில் ஊற்றினால், குழாயில் வரும் நீர் எந்தக் கிணற்றுடையது என்று சொல்ல முடியுமா? முடியாது. எனவே சராசரியைக் கொள்கிறோம். இந்தியா முழுமைக்கும் அந்தச் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. மத்திய மின்சார ஆணையம் இதனைக் கணக்கிட்டு வெளியிடுகிறது.

உதாரணமாக, 10,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அலுவலகக் கட்டடம் ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் செலவழிக்கிறது என்போம். 0.7-ஆல் பெருக்கினால் 700 டன். மின்தடையின்போது ஓடும் ஜெனரேட்டர் 10,000 லிட்டர் டீசலைக் குடிக்கிறது; லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ வீதம் 27 டன். கேண்டீனில் 19 கிலோ எரிவாயு சிலிண்டர்கள் 100. ஒரு கிலோ எரிவாயுவுக்கு 3 கிலோ வீதம் ஏறத்தாழ 6 டன்.

கணக்கு முடிந்ததா? இல்லை. ஏ.சி. இயந்திரங்களில் சுழலும் ஆர்-410ஏ என்னும் குளிர்பதன வாயு 10 கிலோ கசிந்துவிட்டது என்று வையுங்கள். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இது எடைக்கு எடை கார்பன்-டை-ஆக்சைடைவிடச் சுமார் 2,000 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. எனவே அந்தப் பத்துக் கிலோ, 20 டன்னுக்குச் சமம்! கண்ணுக்குத் தெரியும் கேண்டீன் அடுப்பு 6 டன். கண்ணுக்கே தெரியாத கசிவு 20 டன். நம் கண்ணை மட்டும் நம்பினால் அடுப்பைத்தான் குறை சொல்வோம். கணக்கு எழுதுவதன் அவசியம் இங்கேதான் விளங்குகிறது.

மொத்தம் 753 டன். சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. பெரிய கட்டடத்தையும் சிறிய கட்டடத்தையும் நியாயமாக ஒப்பிட, இப்படிப் பரப்பால் வகுப்பது ஒரு வழி. 2009 முதல் நம் நாட்டில் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரக் குறி வழங்கும் திட்டமும் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றே பார்க்கிறது. நியூயார்க் நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு உமிழ்வு வரம்பு விதித்து 2019-இல் சட்டம் இயற்றியது. 2024 முதல் வரம்பு நடைமுறைக்கு வந்தது. மீறினால் டன்னுக்கு 268 டாலர் வரை அபராதம்.

தண்டனை வந்துவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா? மின்கட்டண ரசீதை மட்டும் பார்த்தால், ஜெனரேட்டரை அதிகம் ஓட்டி 'மின்சாரத்தைக் குறைத்துவிட்டோம்' என்று ஒருவர் பெருமை பேசலாம். ரசீது குறையும், புகை குறையாது. ஆகவே மின்சாரம், டீசல், எரிவாயு, குளிர்பதன வாயு நான்கும் ஒரே ஏட்டில் ஏற வேண்டும்.

எங்கே குறைப்பது? சேர்வராயன் மலையே ஒரு பாடம் சொல்கிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் உயரம். ஆகவே சுமார் 8 டிகிரி குளிர்ச்சி. அதனால்தான் அங்கே ஏ.சி.க்கு வேலை குறைவு. நகரத்தை மலைக்குத் தூக்கிச் செல்ல முடியாது. ஆனால் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, சன்னலுக்கு நிழல், சுற்றிலும் மரம், கசியாத ஏ.சி. இவற்றால் மலையின் குளிர்ச்சியில் ஒரு பங்கைக் கீழே கொண்டுவரலாம்.

உங்கள் பள்ளியிலேயே தொடங்குங்கள். ஓராண்டு மின்ரசீதுகளின் யூனிட்டுகளைக் கூட்டி 0.7-ஆல் பெருக்குங்கள், சத்துணவுக் கூடத்துச் சிலிண்டர்களின் எரிவாயு எடையை 3-ஆல் பெருக்குங்கள். கட்டடப் பரப்பால் வகுத்து விடையைக் கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் மறுபடியும் எழுதுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறைந்திருந்தால், எங்கோ ஒரு புகைபோக்கியில் உங்கள் பங்குக்குச் சிறிது புகை குறைந்திருக்கிறது என்று பொருள்.