தாயின் பெயர் பதிவேட்டில் நிற்கட்டும்

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேயிலை வேரூன்றித் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அந்தக் குறைந்த கூலிக்கும் முதுகில் கூடையும் மனத்தில் குழந்தையின் நினைவுமாக நம் பாட்டிமார் மலையேறினார்கள். குழந்தை ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்தது.

இன்று கொழுந்து வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. நம் குடும்பப் பெண்கள் தேயிலை ஆலை, அலுவலகம், கடை, தங்கும் விடுதி என்று பல இடங்களில் வேலை செய்கிறார்கள். ஆனால் பழைய கேள்வி மட்டும் மாறவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்துத் தொழிலில் கைதேர்ந்த ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கிறது. "பிள்ளையை யார் பார்ப்பது? நீ வேலையை விட்டுவிடு" என்கிறது வீடு. அவளும் எழுதிக் கொடுத்துவிடுகிறாள். அதனால் போவது மாதச் சம்பளம் மட்டுந்தானா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டு வேலைச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுமுறை 8 நாள். ஐந்து ஆண்டு நிறைந்தால் 16 நாள். ஆட்குறைப்பு நேர்ந்தால் கிடைக்கும் நஷ்டஈடும் இப்படியே சேவைக் காலத்தோடு வளர்கிறது. பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து இருந்தவளுக்கு, ஆண்டுக்கு 20 நாள் வீதம் 240 நாள் சம்பளம். இடையில் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்து மூன்று ஆண்டு ஆனவளுக்கு, ஆண்டுக்கு 15 நாள் வீதம் 45 நாள் சம்பளந்தான். போதாததற்கு, வேலையை விட்ட நாள் முதல் சேமநிதியில் முதலாளி செலுத்தும் பங்கும் நின்றுவிடுகிறது. முதுமையில் கைகொடுக்க வேண்டிய பணம் அது.

எனவே பிள்ளை பெற்ற பெண் வேலையில் நிலைப்பது குடும்பத்தின் நன்மை. அதற்குச் சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 60 நாளாக இருந்த மகப்பேறு விடுமுறை 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்தவளுக்கு இந்த விடுமுறைக் காலத்தில் சம்பளப்படி உண்டு. ஐந்து பிள்ளைகள் உயிருடன் இருப்பவளுக்கு அடுத்த பேற்றுக்குப் படி கிடையாது. கர்ப்பமாக இருப்பதற்காக ஒருத்தியை வேலையிலிருந்து நீக்குவது குற்றம். அப்படி நீக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் முதலாளியையே சேரும்.

தந்தையருக்கும் ஒரு சொல். ஓராண்டு வேலை பார்த்த மணமான ஆணுக்கு, மனைவியின் பிரசவத்தின்போது சம்பளத்துடன் 7 நாள் விடுமுறை உண்டு. 30 நாளுக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். அந்த ஏழு நாளும் வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்கு அல்ல. துணி துவைக்கவும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு விடவும் பழகிக்கொள்வதற்கு. ஏழு நாளில் பழகிய கை எட்டாம் நாளும் ஓயக் கூடாது.

விடுமுறை முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. அப்போதும் அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். 60 நாளுக்குள் முதலாளி எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்பதற்கில்லை. ஆனால் கேளாதவளுக்குக் கிடைக்க வழியே இல்லை. கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்றால் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ நாடுங்கள்.

முதலாளிமாரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தக் கொழுந்து முற்றியது, எந்த இலை ஆலைக்கு ஆகாது என்பதை அனுபவக் கண் ஒரு பார்வையில் சொல்லிவிடும். புதிய ஆளுக்கு அது வரப் பருவங்கள் பல கழிய வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆயாவும் தூய்மையான ஓர் அறையும் அமைத்தால் அந்தக் கண் தோட்டத்தை விட்டுப் போகாது.

நம் பாட்டிமாருக்கு இந்த உரிமைகளில் பலவும் இல்லை. நமக்கு இருக்கின்றன. இனி ஒரு வீட்டில் தொட்டில் கட்டும்போது, "வேலையை எப்போது விடுகிறாய்?" என்று கேட்க வேண்டாம். "நீ வேலைக்குத் திரும்ப நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்போம்.