இலவசத்துக்கு விலை கிடையாது, தேதி இருக்கு

நம்ம வீட்டுச் சுவத்துல தினசரி காலண்டர் ஒண்ணு தொங்கும் இல்லையா? வீட்டுல ஒரு பொண்ணு மாசமா இருக்கான்னு தெரிஞ்சதும் அந்தக் காலண்டருக்கு வேலை வந்துடும். வளைகாப்பு ஏழாம் மாசமா, ஒன்பதாம் மாசமா? ராகுகாலம் எப்ப, எமகண்டம் எப்ப? சிசேரியன்னு முடிவானா நட்சத்திரம்கூடப் பாக்குறவங்க உண்டு.

அதே வீட்டுல, அரசு ஆஸ்பத்திரியில தாய்க்கும் பிள்ளைக்கும் என்னென்ன இலவசம்னு கேட்டுப் பாருங்க. "பிரசவம் பாப்பாங்க, ஊசி போடுவாங்க, பதினெட்டாயிரம் வரும்." அதோட நிறுத்திடுவாங்க. அங்கே இருக்கிற சேவை அதைவிட ரொம்பப் பெரிசு. ஆனா அதுல பலதுக்கும் ஒரு நாள் கணக்கு இருக்கு. அந்த நாளைத் தவறவிட்டா, இலவசம்தான், ஆனா பிரயோஜனம் குறைஞ்சுடும். தமிழ்நாட்டை வச்சு அந்த நாள் கணக்கைத்தான் இன்னிக்கு வரிசையாப் பாக்கப்போறோம். பேனா எடுத்துக்குங்க.

[திரையில்: முதல் 12 வாரம்]

"மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு பட்டுடும்." இது நம்ம பாட்டிகள் வாக்கு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனா நர்ஸுக்குச் சொல்லிடுங்க. கிராமம்னா கிராம சுகாதார செவிலியர், டவுன்னா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணணும். பண்ணினா 12 இலக்கத்துல ஒரு எண் தருவாங்க. 'பிக்மி நம்பர்'னு எல்லாரும் சொல்றது அதைத்தான். தனியார்ல பிரசவம் பாக்கப்போறவங்களுக்கும் இது வேணும். நாளைக்குக் குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனா இந்த எண்ணைத்தான் கேப்பாங்க.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதுதான் வாசல். மொத்தம் 18,000 ரூபாய். அதுல 14,000 பணமா, தவணை தவணையா வரும். மீதி 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்: சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய் இப்படி. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற குடும்பம், 19 வயசு நிறைஞ்ச தாய், முதல் ரெண்டு பிரசவம். இதுதான் நிபந்தனை.

இங்கே பல பேர் மாட்டிக்கிறது எங்கே தெரியுமா? இனிஷியல்ல. ஆதார்ல கணவர் பேரு, பேங்க் பாஸ்புக்ல அப்பா இனிஷியல். பேரு ஒத்துப்போகலைன்னா பணம் நிக்கும். பதிவு பண்ற அன்னிக்கே ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துடுங்க.

[திரையில்: சக்கரைத் தண்ணி]

ஆரம்ப சுகாதார நிலையத்து வராண்டாவுல, கையில டம்ளரோட முகத்தைச் சுளிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ணுங்களைப் பாத்திருப்பீங்க. 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணி. அஞ்சு, பத்து நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. குடிச்ச கொஞ்ச நேரத்துல வாந்தி வந்துட்டா மறைக்காதீங்க. சொல்லிட்டு இன்னொரு நாள் வாங்க.

இதுக்கு வெறும் வயித்துல வர வேண்டியதில்லை. காரணம் இருக்கு. காலையில பஸ் பிடிச்சு வர்ற பொண்ணைப் 'பட்டினியா இன்னொரு நாள் வாம்மா'ன்னு அனுப்பினா, அவ திரும்ப வரமாட்டா. வந்த அன்னிக்கே பாத்து அனுப்புற இந்த முறைக்குப் பாடுபட்டவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா. அவரோட பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளா நாடு முழுக்கக் கடைப்பிடிக்கிறாங்க. இந்தப் பரிசோதனை ரெண்டு தடவை: முதல் தடவை போறப்ப ஒண்ணு, அப்புறம் 24-லேருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொண்ணு. முதல்ல சரியா இருந்துச்சேன்னு ரெண்டாவதை விட்டுடாதீங்க. சர்க்கரை தலைகாட்டுறதே பெரும்பாலும் அப்பதான்.

[திரையில்: வளைகாப்பு]

தலைப்பிரசவம்னா அம்மா வீடு. சீர் எல்லாம் எடுத்து வைப்போம், பொண்ணு வளையல் குலுங்கக் கிளம்பிடுவா. பரிசோதனை எழுதின தாய் சேய் அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோவுல தூங்கும். நடுராத்திரி வலி வந்தா, புது ஊரு டாக்டருக்கு இவ ரத்தப் பிரிவும் தெரியாது, ரத்த அழுத்தம் ஏறினதும் தெரியாது. அதனால வளையலுக்கு முன்னாடி அட்டையைப் பையில போடுங்க. அம்மா ஊரு நர்ஸ்கிட்டயும் போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

[திரையில்: பிரசவம், 48 மணி நேரம்]

வலி வந்தா 108. நாட்டுல எந்த அரசு ஆஸ்பத்திரியா இருந்தாலும், 2011-லேருந்து இருக்கிற ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல, சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டா ரத்தம், எதுக்கும் காசு கிடையாது. சாப்பாடும் உண்டு: சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரைக்கும். பிரசவ அறைக்குள்ள துணைக்குச் சொந்தத்துல ஒரு பெண்ணை விடுற வழக்கமும் தமிழ்நாட்டுல இருக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து விடவும் வண்டி உண்டு, 102.

'பிள்ளையைப் பாக்கணும்னா நூறு குடு, ஐநூறு குடு'ன்னு யாராவது கை நீட்டினா, அது கட்டணம் இல்லை. 104-க்கு போன் பண்ணிப் புகார் சொல்லலாம்.

சுகப்பிரசவம்தானேன்னு அன்னிக்கே வீட்டுக்குக் கிளம்பாதீங்க. தாய்க்கு ரத்தப்போக்கு, பிள்ளைக்கு மூச்சுத் திணறல், ரெண்டும் தலைகாட்டுற நேரம் அதுதான். அதனாலதான் 48 மணி நேரம் இருக்கச் சொல்றாங்க. மஞ்சள் காமாலை தடுப்பூசியோட முதல் டோஸும் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்.

[திரையில்: முதல் ஒரு மணி நேரம்]

பிள்ளை பிறந்ததும், 'நல்ல கைராசிக்காரர் சேனை வைக்கட்டும்'னு சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு நாக்குல வைக்கத் தேடுவோம். அந்தக் குட்டி வயித்துக்கு முதல் சேனை சீம்பால்தான். மஞ்சளா, கெட்டியா, கொஞ்சமாத்தான் வரும். ஆனா நோய் எதிர்ப்பு சக்தி அதுல நிறைய இருக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும்.

குறைமாசத்துல பிறந்து, தாய்க்கும் பால் ஊறலைன்னா? அதுக்குத்தான் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல தாய்ப்பால் வங்கி. பால் நிறைய ஊறுற இன்னொரு தாய் மனசு வந்து தர்றது. அவங்களுக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை எல்லாம் சோதிச்சு, பாலை 62.5 டிகிரியில அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வச்சு, தீவிர சிகிச்சைப் பிரிவுல இருக்கிற பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாக் குடுப்பாங்க. காசு குடுத்தாலும் கடையில கிடைக்காத பொருள் இது.

[திரையில்: 30 நாள்]

இதைக் கண்டிப்பாக் குறிச்சுக்குங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தை, இல்லைன்னா ரெண்டு கிலோவுக்குக் குறைவான குழந்தைன்னா, கண்ணை 30 நாளுக்குள்ள காட்டணும். குறைமாசப் பிள்ளைக்கு விழித்திரையில ரத்தக்குழாய் தாறுமாறா வளரலாம். வெளியில பாத்தா எதுவும் தெரியாது. கண்ணு பளபளன்னு அழகா இருக்கும். 'பாப்பா பொம்மையைப் பாக்க மாட்டேங்குதே'ன்னு நாம கவனிக்கிறப்போ மாசம் ஓடிப்போயிருக்கும், பார்வையும் போயிருக்கும். நேரத்துக்குக் கண்டுபிடிச்சா லேசர் சிகிச்சையிலயே பெரும்பாலும் காப்பாத்திடலாம்.

காதும் அப்படித்தான். கூப்பிட்டாத் திரும்பலைன்னா, 'அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு'ன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல 'மாவட்ட இடையீட்டு சேவை மையம்'னு ஒரு போர்டு இருக்கும். காது, பேச்சு, நடை, உதட்டுப் பிளவு, இருதயத்துல ஓட்டை எல்லாத்துக்கும் அங்கேருந்து வழி காட்டுவாங்க. காதுக்குள்ள கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷனையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பண்ணலாம். ஆனா சின்ன வயசுலயே பண்ணினாத்தான் பேச்சு நல்லா வரும்.

அப்புறம் புதன்கிழமை. தடுப்பூசி நாள். 6, 10, 14 வாரம், அப்புறம் 9 மாசம். இதுல தவறினா நிதியுதவித் தவணையும் தள்ளிப்போகும்.

இப்போ எழுந்து அந்தக் காலண்டர்கிட்ட போங்க. பன்னிரண்டாவது வாரம், இருபத்துநாலாவது வாரம், முப்பதாவது நாள், புதன்கிழமைகள். வளைகாப்புக்கு வட்டம் போட்ட அதே பேனாவால இதையும் வட்டம் போடுங்க. இந்த நாளுக்கெல்லாம் ராகுகாலம் பாக்க வேண்டாம்.