வத்தலக்குண்டு கமலாம்பாளைத் தெரியுமா?

திண்டுக்கல்லில் பஸ் ஏறி செம்பட்டி வழியாகப் போனால் வத்தலக்குண்டு. கொடைக்கானல் போகிறவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறுவார்களே, அந்த ஊர். வெற்றிலைக்குப் பேர் போனது. என் நாத்தனாரைக் கொடுத்திருப்பதும் அங்கேதான். வருஷத்துக்கு நாலு தடவை போய்வருகிற ஊரில், தமிழில் முதன்முதலாக வந்த நாவல்களில் ஒன்றை எழுதியவர் பிறந்தார் என்பது எனக்குப் போன வருஷம் வரை தெரியாது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். என் பெண் காலேஜ் பாடத்துக்காக லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த புத்தகத்தை, அவள் தூங்கின பிறகு சும்மா புரட்டினேன். மணி ஒன்றாகிவிட்டது.

எழுதியவர் பி.ஆர். ராஜமையர். 1872-ல் பிறந்து 1898-ல் காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபத்தாறு வயது! அதற்குள் பி.ஏ. படித்து, 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை தொடர்கதை எழுதி, விவேகானந்தர் தூண்டுதலில் 1896-ல் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' இங்கிலீஷ் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்துவிட்டார். தொடர்கதை புத்தகமாக வந்ததும் அதே 1896-ல்தான். இன்று நாம் 'கமலாம்பாள் சரித்திரம்' என்கிறோம். பத்திரிகையில் அவர் வைத்த தலைப்போ 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. அபவாதம் என்றால் வீண்பழி. பழி முன்னால் நிற்கிறது, பெண் பின்னால் வருகிறாள். வாழ்க்கையிலும் அப்படித்தானே நடக்கிறது?

ஆக, புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, தன் கதைப் பெண்களை அவர் ஊருக்கு அறிமுகம் செய்து வைத்திருக்கிறார். அதற்கு முன்பு 1879-லேயே வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தாயிற்று. அதில் வரும் ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ராஜ்யமே ஆளுகிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் அவளோடு உட்கார்ந்து கீரை ஆய முடியாது. கமலாம்பாளோடு முடியும். சிறுகுளம் என்ற கிராமத்தில், முத்துஸ்வாமி ஐயர் வீட்டுச் சம்சாரி அவள். பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அவளுக்கு ஒரு கொழுந்தனார் உண்டு. கொழுந்தனார் பெண்சாதி பொன்னம்மாளுக்கோ ஓரகத்தி நன்றாக இருப்பது பொறுக்கவில்லை. இதிலே எது நமக்குப் புதிசு?

இவர்களையெல்லாம் விட என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கூட்டம். ஊர்ப் பெண்கள் கூடி, அடுத்த வீட்டுச் சமாசாரத்தை அலசுகிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'வம்பர் மகாசபை'! தனியாக வாய் விட்டுச் சிரித்தேன். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை இதையெல்லாம் எங்கே மறைந்து நின்று கேட்டாரோ! சிரித்துக்கொண்டே படித்தவளுக்குப் பக்கம் போகப் போகச் சிரிப்பு வரவில்லை. கமலாம்பாளின் நடத்தையைப் பற்றியே புரளி கிளம்புகிறது. அவள் மேல் பிரியமாக இருந்த புருஷனே மனசு கசந்து வீட்டை விட்டுப் போகிறார்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், திண்டுக்கல்லில் ஒரு வளவு வீட்டில் குடியிருந்தோம். ஆறு குடித்தனம், ஒரே குழாய். தண்ணீர் வருகிற நாளில் விடியும் முன்னே குடங்கள் வரிசை கட்டிவிடும். எங்கள் மகாசபை அங்கேதான் கூடும். கடைசி வீட்டில் ஒரு சின்னப் பெண். அவள் புருஷன் லாரியோடு போனால் திரும்பப் பத்து நாளாகும். சில மத்தியானங்களில் கையில் பையோடு ஒருத்தர் வந்து போவார். ஒருநாள் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்: "மதினி, நீங்க பாத்தீங்களா?"

"ஆமா, நானும் பாத்தேன்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். பொய்யில்லை, பார்க்கத்தான் செய்தேன். ஆனால் அது அவள் மாமியார் காதுக்குப் போவதற்குள், 'ரெண்டு பேரு கண்ணால பாத்தாங்களாம்' என்று ஆகிவிட்டது. லாரி திரும்பிய ராத்திரி அந்த வீட்டில் ஒரே சத்தம். மறுநாள் அவள் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போனாள்.

வந்து போனவர் அவளுடைய பெரியப்பா மகன். புருஷனுக்குத் தெரியாமல் வைத்த நகைக்கு வட்டி கட்டப் பணம் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். நகை விஷயம் வெளியே வந்துவிடுமே என்று அவள் வாய் திறக்கவில்லை. எட்டு மாசம் கழித்து அவளை அழைத்து வந்தார்கள். சாமான் எடுக்க வந்தவள் குழாயடியில் என்னைப் பார்த்தாள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பிறகு அவர்கள் எந்தப் பக்கம் குடிபோனார்கள் என்று தெரியாது.

மூடி வைத்த புத்தகத்தை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தேன். முடிவில் கமலாம்பாளும் கணவரும் சேர்கிறார்கள், பயப்படாதீர்கள். பின்பாதியில் வேதாந்தம் தூக்கலாக இருக்கிறது. சில பக்கங்களை நான் தாண்டிப் போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பொன்னம்மாள் மனசுக்குள்ளும் அவர் இன்னும் கொஞ்சம் புகுந்து பார்த்திருக்கலாம் என்பது என் குறை. பொறாமைக்காரி என்று பேர் வாங்கின எந்த ஓரகத்திக்கும் அவள் பக்கத்துக் கதை ஒன்று இருக்குமல்லவா? நடையும் நூறு வருஷத்துக்கு முந்தினது, முதல் பத்துப் பக்கம் கல்லும் முள்ளுமாக இருக்கும். பொறுத்துக்கொண்டால் அப்புறம் ஜல்லிக்கட்டு, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ் வாத்தியார், பேயாண்டித் தேவன் என்று கலகலப்புக்குக் குறைவில்லை. இங்கிலீஷிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். எழுதினவர் பிறந்த மண்ணில் இருக்கிற நாம்தான் படிக்காமல் இருக்கிறோம்.

என் மாமியாருக்குக் கண் சரியில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்ததும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். வம்பர் மகாசபை வந்த அன்று பொக்கை வாய் தெரியச் சிரித்து, "இவ நம்ம தெருக்காரி மாதிரியில்ல இருக்கா" என்று ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். "சரி, அந்தக் கமலாம்பா கதி என்னாச்சு, படி" என்றார்.