தந்தக் கட்டிலும் ஆமோஸின் தீர்ப்பும்

தெக்கோவா ஊரைச் சேர்ந்த மேய்ப்பரும் விவிலியத் தீர்க்கதரிசியுமான ஆமோஸ், கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வடக்கே இஸ்ரவேல் நாட்டுக்குப் போய், தந்தக் கட்டிலில் சாய்ந்து விருந்துண்ட செல்வர்களைக் கண்டித்தார். இது வெறும் மிகைப்பேச்சு அல்ல. 1930களில் இஸ்ரவேலின் தலைநகராக இருந்த சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் நூற்றுக்கணக்கான தந்தத் துண்டுகள் கிடைத்தன. தாமரைமேல் அமர்ந்த எகிப்தியக் குழந்தைக் கடவுள் ஹோரஸ், சிறகு விரித்த ஸ்ஃபிங்ஸ் என நுணுக்கமாகச் செதுக்கி, வண்ணக் கண்ணாடி பதித்தவை அவற்றில் உண்டு. 1910இல் அங்கேயே கிடைத்த மையெழுத்துப் பானையோடுகள், தலைநகருக்கு வந்த திராட்சரசத்துக்கும் எண்ணெய்க்கும் கணக்குச் சொல்கின்றன.

செல்வம் இருந்தால் அநீதியும் இருந்ததாகிவிடுமா? ஆகாது, ஓடுகள் வரவைக் காட்டுமே தவிர வஞ்சனையைக் காட்டா. ஆனால் ஆமோஸ் சாடியது செல்வத்தை மட்டுமல்ல. ஏழையைச் செருப்பு விலைக்கு விற்றுவிட்டு வழிபாட்டில் பாடியதையும்தான். கடவுளுக்குச் செய்த துரோகமாகவே அதை அவர் கண்டார். அவர் தீர்ப்புரைத்தபடியே, கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. அவர் பெயரில் உள்ள விவிலிய நூலின் இறுதியில் வரும் நம்பிக்கை வரிகள் பிற்காலச் சேர்க்கை என்பர் அறிஞர் பலர். அப்படியே இருந்தாலும், சேர்த்தவர்கள் தீர்ப்பு வரிகளை நீக்கவில்லை. குற்றத்தை மறைக்காத நம்பிக்கையே இந்நூலின் செய்தி.