லேப்டாப் கொதிக்கிறதா? கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைப் பாருங்கள்

மகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கிறாள். லேப்டாப் மெத்தையின் மேல். அரை மணி நேரத்தில் ஃபேன் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்கிறது. பிறகு திரை கறுத்துவிடுகிறது. போன கோடையில் நம் வீட்டில் நடந்தது இது. கடையில் காட்டினோம். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டோம். வேறொருவர் அடிமூடியைக் கழற்றி, பஞ்சு போல் திரண்டிருந்த தூசியை எடுத்துப் போட்டார். இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது.

சூட்டில் தானாக அணைவது, லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடான லேப்டாப் மெதுவாக இயங்குவது இதனால்தான். அதற்கும் சூடு அடங்காவிட்டால் அணைந்துவிடும்.

பிராசசரின் சூட்டை ஒரு செப்புக் குழாய் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கடத்துகிறது. ஃபேன் பெரும்பாலும் அடியிலிருந்து காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் வழியே வெளியே தள்ளுகிறது. மெத்தையோ தலையணையோ அடியில் இருந்தால் காற்று உள்ளே வரும் வழி அடைபடும். தூசி சேர்ந்தால் வெளியேறும் வழி அடைபடும். இந்தத் தூசி ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி போல் படிவதால், வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும்.

எனவே முதலில் கையை வைத்துப் பாருங்கள். லேப்டாப்பை மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, சூடான காற்று வரும் இடத்தில் கையை நீட்டுங்கள். காற்று வேகமாக வந்தால் ஃபேன் நன்றாக இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராம் அளவுக்கு மீறி வேலை வாங்குகிறது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது எதுவென்று தெரிந்துவிடும். இரைச்சல் பெரிதாகவும் காற்று குறைவாகவும் இருந்தால் தூசி. அடிப்பக்கம் கொதித்தும் சத்தமும் காற்றும் இல்லையென்றால் ஃபேன் நின்றிருக்கலாம். ஹெச்.பி. லேப்டாப்களில் ஆன் செய்யும்போதே 90பி என்ற எச்சரிக்கை வரும். கரகரவென்று உராயும் சத்தம் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும். (2020 முடிவிலிருந்து வந்த மேக்புக் ஏர்களில் ஃபேனே கிடையாது, தேட வேண்டாம்!)

சுத்தம் செய்யும்போது லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மூடியைத் திறந்து ப்ளோவரால் ஊதுவதானால் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டு ஊத வேண்டும். தாறுமாறாகச் சுழன்றால் ஃபேன் கெட்டுவிடும். சில வருடங்கள் ஓடிய லேப்டாப் என்றால், பிராசசர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வளைகுடாவிலிருந்து அண்ணனோ மச்சானோ வாங்கி வந்ததென்றால் திறக்கும் முன் வாரண்டியைப் பாருங்கள். சில வாரண்டிகள் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும்.

இதுவரை சொன்னது எல்லாம் செலவு சம்பந்தப்பட்டது. பேட்டரி உப்பினால் அது ஆபத்து. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி புடைத்திருந்தாலோ, மூடினால் இடைவெளி தெரிந்தாலோ உடனே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். பேட்டரியை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் சிமெண்ட் தரையில் வைத்து, டெக்னீஷியனை அழையுங்கள். உள்ளேயிருக்கும் போட்டோக்களைக் காப்பி எடுக்க ஒருமுறை ஆன் செய்வோமே என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்கைத் தனியே கழற்றி, அவரே எடுத்துத் தந்துவிடுவார்.